கேரக்டர்: ஒரு கணக்கு வாத்தியாரின் வாக்குமூலம்

பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் படிப்பு பாதியில் நின்றது. அதற்கு நான் காரணம். அவளுடைய அப்பாவிடம் நான் சொன்ன ஒரு வாக்கியம், அதற்குள் இருந்த ஓர் ஆங்கிலச் சொல், இரண்டும் சேர்ந்து அதைச் செய்தன. "பாப்பாவோட கேரக்டரக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. சில நாள் கழித்து அவள் அப்பா மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்து நின்றார்.

நான் மதுரைக்கு மேற்கே உள்ள ஊர்களில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இது நடந்தது தொண்ணூறுகளின் கடைசியில். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கேகூட, தன் படிப்பை நிறுத்தியது யாருடைய வாய் என்பது முழுதாகத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

நான் பார்த்தது என்ன? சாயங்காலம் பேருந்து நிலையத்தில் டீக்கடை ஓரமாக ஓர் இளைஞனோடு அவள் நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இன்னொரு நாளும் பார்த்தேன். சத்தமாகச் சிரித்தாள். அவ்வளவுதான். அவன் அவளுக்கு என்ன உறவு, உறவே இல்லையா, இருவருக்கும் இடையே விருப்பம் இருந்ததா என்று நான் அன்றும் விசாரிக்கவில்லை, இன்றும் விசாரிக்கப் போவதில்லை. அவன் அத்தை மகன் என்று தெரியவந்தால்தான் அவள் மேல் பழியில்லை என்றாகுமா? விரும்பியே பழகியிருந்தாலும் அதற்குத் தண்டனை படிப்பை இழப்பது என்று தீர்ப்பெழுத நான் யார்?

உண்மையில் என் மனக்கசப்பு பேருந்து நிலையத்தில் தொடங்கவில்லை, வகுப்பில் தொடங்கியது. லாக் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து, "மைனஸ் நம்பருக்கு ஏன் சார் லாக் இல்ல?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. பத்தை எத்தனை முறை பெருக்கினாலும், எத்தனை முறை வகுத்தாலும் மைனஸ் எண் கிடைக்காது என்று ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். நான் "புத்தகத்துல இல்லாததக் கேக்காத, உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்தாள். உட்காரும்போது பக்கத்துப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. பேருந்து நிலையத்தில் பார்த்தது அதே சிரிப்பு. ஒரு மாணவியின் மூளை வேலை செய்வதை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, அதைத் திமிர் என்று மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு அந்தத் திமிருக்கு வேறொரு பெயர் கிடைத்தது.

ஆசிரியர் அறையில் அந்தப் பெயர் எப்போதும் காற்றில் இருந்தது. கூடப் பணிபுரிந்த ஒருவர் எல்லோரிடமும் கைமாற்று வாங்கித் திருப்பித் தராதவர். அவரைப் பற்றிப் பேசும்போது "அவரு ஒரு கேரக்டருய்யா" என்போம். அதில் செல்லம் இருந்தது. இன்னொருவர் குடிப்பார், வகுப்புக்குத் தாமதமாக வருவார். "மத்தபடி நல்ல கேரக்டர்" என்போம். சினிமாவில் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் என்றால் குணச்சித்திர நடிகர், மரியாதையான பட்டம். "என் கேரக்டரே அப்படித்தான்" என்று ஓர் ஆண் சொன்னால் கோபக்காரன், பிடிவாதக்காரன், ஒளிவுமறைவு இல்லாதவன் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் வந்தவுடன் இந்தச் சொல்லுக்கு இத்தனை பொருளும் உதிர்ந்து ஒன்றே ஒன்று மிஞ்சும். அவள் பொய் பேசாதவளா, கடன் வாங்கினால் திருப்பித் தருபவளா, உடம்பு முடியாத பாட்டியைப் பார்த்துக்கொள்பவளா என்பதெல்லாம் அந்தச் சொல்லில் கணக்கு வராது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் பயன்படுத்தினோம்.

அவள் விஷயத்தில் தாவரவியல் டீச்சர் ஒருவர் மட்டும் என்னைக் கேட்டார். "என்ன பாத்தீங்க சார்?" நான் சொன்னேன்: "அதெல்லாம் பாத்தாத் தெரியாதா டீச்சர்." அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் சோதனையை வருடா வருடம் நடத்துபவர் அவர். உருண்டை விதையைப் பார்த்து அதற்குள் சுருங்கிய விதையின் காரணி ஒளிந்திருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. விதைத்து, வளர்த்து, அடுத்த தலைமுறையை எண்ணிப் பார்க்க வேண்டும். மெண்டல் அப்படி எண்ணினார். உருண்டை விதையிலிருந்து வளர்த்த 565 செடிகளில் 193 மட்டுமே உருண்டையை மட்டும் தந்தன. 372 செடிகளில் இரண்டு வகையும் கலந்து வந்தன. அந்தத் துறவி ஒரு பட்டாணிக்குக் கொடுத்த பொறுமையில் ஒரு பங்கைக்கூட நான் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

என் பாடத்திலேயே கேரக்டர் என்ற சொல்லின் உறவுக்காரச் சொல் இருந்தது. லாக் டேபிள் வைத்துப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 2-க்கு லாக் 0.3010. 20-க்கு 1.3010. 200-க்கு 2.3010. புள்ளிக்கு முன்னால் இருப்பது கேரக்டரிஸ்டிக், பின்னால் இருப்பது மாண்டிஸா. கேரக்டரிஸ்டிக்கைச் சொல்ல டேபிளைத் திறக்கவே வேண்டாம். எண்ணில் தசமப் புள்ளி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். மூன்று இலக்க முழு எண் என்றால் 2. நூறு என்றாலும் 2, 999 என்றாலும் 2. அந்த எண் எந்த இலக்கங்களால் ஆனது, உண்மையில் அது என்ன எண், என்பதை மாண்டிஸாதான் சொல்லும். அதற்கு டேபிளைத் திறக்க வேண்டும், வரிசையில் விரலை வைத்து நகர்த்த வேண்டும், சராசரி வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. 0.02 போன்ற எண்ணுக்குக் கேரக்டரிஸ்டிக் மைனஸாகும், தலையில் கோடு போட்டு எழுதுவோம். மாண்டிஸா அப்போதும் அதே .3010; அதை ஒருபோதும் மைனஸாக எழுதுவதில்லை. இந்த விதியைக் கரும்பலகையில் எத்தனையோ வகுப்புகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

பிள்ளைகளிடம் நான் கேரக்டரிஸ்டிக்கோடு நின்றுவிட்டேன். எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, காலில் செருப்பு உண்டா, தலை வாரியிருக்கிறதா, யாரோடு நிற்கிறது. புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போனேன். டேபிளைத் திறக்கவில்லை.

பையன்கள் விஷயத்திலும் இதைச் செய்தேன். அதற்கு வேறு சொல் வைத்திருந்தேன்: கேடி. "இவன் பெரிய கேடி சார்" என்று தலைமை ஆசிரியரிடம் இழுத்துப் போய் நிறுத்தியிருக்கிறேன். கேடு என்பதிலிருந்து வந்த தமிழ்ச் சொல் என்றே நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற ஒரு காவலர்தான் சொன்னார், அது காவல் நிலையப் பதிவேட்டில் இருந்து தெருவுக்கு வந்த இரண்டு ஆங்கில எழுத்துகள் என்று. 'நோன் டெப்ரிடேட்டர்', தெரிந்த கொள்ளைக்காரன் என்பதன் சுருக்கம்.

நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்திய ஊர் எது என்பதை யோசித்தால் என் நாக்கு கூசுகிறது. 1871-இல் ஆங்கிலேயர் குற்றப் பழங்குடிச் சட்டம் கொண்டுவந்தார்கள். முழுச் சமூகங்களையே பிறப்பால் கெட்ட நடத்தையுள்ளவர்கள் என்று பதிவு செய்த சட்டம் அது. 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கைரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். பிரமலைக் கள்ளர் சமூகத்து ஆண்கள் ரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் காவல் நிலையத்துக்குப் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் போனது. நான் கேடி என்று அழைத்த பையன்களில் சிலருடைய தாத்தாக்கள் அந்தப் பதிவேட்டில் ரேகை வைத்தவர்கள். சட்டம் போய் அரை நூற்றாண்டு ஆன பிறகும், வகுப்பறையில் நின்றுகொண்டு நான் அதே பதிவேட்டை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் கேரக்டர் என்பதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. கீறுவதற்கான கருவி, பிறகு நாணயத்தில் அடிக்கும் முத்திரை. நாணயத்துக்கு முத்திரை தானாக வராது, ஒருவர் வெளியிலிருந்து அடித்தால்தான் உண்டு. அரிஸ்டாட்டிலின் சீடர் தியோபிராஸ்டஸ் முப்பது வகை மனிதர்களை, முகஸ்துதிக்காரன், கஞ்சன், வாயாடி என்று வரைந்து வைத்த நூலுக்கும் அந்தப் பெயர்தான் நிலைத்தது. பின்னால் எழுத்து வடிவத்துக்கும், நாடகப் பாத்திரத்துக்கும், இப்போது கைப்பேசியில் நாம் தட்டும் ஒவ்வொரு குறிக்கும் அதே சொல் போய்விட்டது. இங்கிலாந்தில் இன்னொரு வழக்கும் இருந்தது. வேலைக்காரர்களுக்கு எஜமானர் எழுதித் தரும் நற்சான்றுக் கடிதத்துக்கே கேரக்டர் என்று பெயர். அது இல்லாமல் அடுத்த வீட்டில் வேலை கிடைப்பது கடினம். பொய்யான சான்று தருவதைத் தண்டிக்க 1792-இல் சட்டமே போட்டார்கள். ஆனால் உண்மையான சான்றைத் தந்தே ஆக வேண்டும் என்ற கடமை எஜமானருக்கு இல்லை. தர மறுத்தால் போதும், ஒரு பணிப்பெண்ணின் பிழைப்பு போய்விடும்.

நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ள 'கான்டக்ட் அண்ட் கேரக்டர்' வரி அந்தக் கடிதத்தின் வாரிசு என்றுதான் எனக்குப் படுகிறது. அதே தாளில் அங்க அடையாளங்களுக்கும் இடம் உண்டு. வலது முழங்கையில் மச்சம், இடது புருவத்துக்கு மேல் தழும்பு. அதை எழுதுமுன் பிள்ளையைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்போம். மச்சத்துக்கு நேரில் பார்க்க வேண்டும் என்று விதி வைத்திருந்தோம். கேரக்டருக்கு அந்த விதி இல்லை. எல்லோருக்கும் 'குட்' என்று எழுதிக்கொண்டே போவோம்.

அவளுக்கும் 'குட்' என்றுதான் எழுதப்பட்டது. எழுத்தர் விடுப்பில் இருந்ததால் அந்தச் சான்றிதழை நிரப்பியவன் நான். என் கையெழுத்தில் நல்லது என்று இருக்கிறது. அந்தத் தாளை அவளுக்காக எந்தப் பள்ளியும் வாங்கிப் பார்க்கவில்லை. அவள் வேறு பள்ளியில் சேரவே இல்லை. என் வாய் சொன்னதைத்தான் உலகம் ஏற்றுக்கொண்டது. தாளில் பொய் எழுதப் பயந்த நான், எழுத்தில் இல்லாத இடத்தில் எதைச் சொன்னாலும் எனக்குச் சேதமில்லை என்று அறிந்தே சொல்லியிருக்கிறேன்.

ஏன் ஆங்கிலத்தில் சொன்னேன் என்றும் யோசித்திருக்கிறேன். தமிழில் சொல்வதாக இருந்தால், "உங்க பொண்ணு பஸ் ஸ்டாண்டுல ஒரு பையனோட பேசிக்கிட்டிருந்தா" என்று சொல்லியிருக்க வேண்டும். கையில் இருந்தது அவ்வளவுதான். அந்த அப்பா, எந்த நாள், எந்தப் பையன் என்று கேட்டிருப்பார். வீட்டுக்குப் போய் மகளிடமும் கேட்டிருப்பார். அவளுக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும். ஒருவேளை அப்போதும் படிப்பை நிறுத்தியிருப்பார். ஆனால் அவள் பேசிய பிறகு நிறுத்தியிருப்பார். கேரக்டர் என்றபோது நாள் இல்லை, இடம் இல்லை, செயல் இல்லை. மறுக்க எதுவும் இல்லாத குற்றச்சாட்டை எப்படி மறுப்பது? அந்த மனிதர் மில்லில் வேலை பார்த்தவர், எட்டாவது வரை படித்தவர். வாத்தியார் இங்கிலீஷில் சொல்கிறார் என்றால் அதற்குள் தனக்குச் சொல்லக் கூசும் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நானும் அவர் அப்படி நினைக்கட்டும் என்று விட்டேன்.

பல வருடம் கழித்து என் மகள் சட்டம் படித்தபோது, மேஜைமேல் கிடந்த அவளுடைய சாட்சியச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். 1872-ஆம் ஆண்டின் சட்டம். அதில் கேரக்டர் என்பதற்கு விளக்கம் இருந்தது. ஊரார் ஒருவரைப் பற்றி வைத்திருக்கும் பேரும், அவருடைய உள்ளியல்பும், இரண்டும் அந்தச் சொல்லில் அடங்கும் என்று. புதிய சாட்சியச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகும் அந்த விளக்கம் தொடர்கிறது. எனக்கு அதற்குமேல் படிக்கக் கொஞ்ச நேரம் ஓடவில்லை. ஊர்ப் பேர் ஒன்று, உள்ளியல்பு இன்னொன்று. முதலாவதை நானே உண்டாக்கிவிட்டு, இரண்டாவது எனக்குத் தெரியும் என்ற தோரணையில் அந்த அப்பாவிடம் பேசியிருக்கிறேன்.

அதே புத்தகம் சொல்கிறது: குற்றவியல் வழக்கில் எதிரியின் கெட்ட நடத்தையை ஆதாரமாகக் கொண்டுவர முடியாது, அவர் தரப்பே தன் நல்ல நடத்தையைப் பேசித் தொடங்கினால் ஒழிய. திருட்டு வழக்கில் நிற்பவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பாலியல் வன்முறை வழக்கில் புகார் சொன்ன பெண்ணின் நடத்தை பொதுவாகவே ஒழுக்கக்கேடானது என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்க எதிரிக்கு ஒரு பிரிவு இடம் கொடுத்தது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அதை நீக்கினார்கள். அப்படிப்பட்ட வழக்குகளில் சம்மதம் இருந்ததா என்ற கேள்விக்குப் பெண்ணின் நடத்தையும் பழைய உறவுகளும் பொருட்டல்ல என்று 2013-இல் இன்னும் தெளிவாக எழுதினார்கள். நான் அந்தச் சொல்லைச் சொன்ன வருடத்தில் நாட்டின் சட்டமும் என் பக்கமே நின்றது என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சட்டத்துக்குக் கண் திறக்கப் பல பெண்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. என் முன்னால் ஒரு டீச்சர் நின்று நேராகக் கேட்டும் எனக்குத் திறக்கவில்லை.

இதையெல்லாம்விட என்னை அதிகம் அறுப்பது, நடந்ததற்காக எனக்குக் கிடைத்த நன்றி. அந்த வருடமே அவளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அவள் அப்பா தாம்பாளத்தில் பத்திரிகை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "நீங்க மட்டும் அன்னிக்குச் சொல்லலைன்னா எங்க குடும்ப மானமே போயிருக்கும் வாத்தியாரய்யா" என்றார். நான் மறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் போனேன். முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் காலில் விழுந்தார்கள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. "நல்லா இரும்மா" என்று சொல்லி அட்சதை போட்டேன். அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய பெருமை. அதைப் பல வருடம் வைத்திருந்தேன். புதிதாக வேலைக்கு வந்த இளம் ஆசிரியர்களுக்கு அறிவுரையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அவள் இப்போது திருப்பூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்கவில்லை. போனால் எதற்கு வந்தீர்கள் என்று புகுந்த வீட்டார் கேட்பார்கள், பதில் சொல்ல அதே சொல்லை அந்த வீட்டுக்குள் நான் கொண்டுபோக நேரும் என்பது ஒரு காரணம். அவள் முகத்தைப் பார்க்கப் பயம் என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பயம்தான்.

போன தை மாதம் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் தெருவில் ஒரு பெண்ணை அவர் மகனுக்குப் பார்க்கிறார்களாம். "நீங்க வாத்தியாரா இருந்தவரு, பொய் சொல்ல மாட்டீங்க. பொண்ணு கேரக்டர் எப்படி?" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். தண்ணீர் லாரி வந்தால் எங்களுக்கும் சேர்த்து இரண்டு குடம் பிடித்துத் தருகிறாள். அவள் தம்பிக்குக் கணக்கு சொல்லித் தருவதைத் திண்ணையில் கேட்டிருக்கிறேன், நன்றாகச் சொல்லித் தருகிறாள். "கேரக்டர் பத்தி நான் யாரப் பத்தியும் சொல்றதில்லீங்க" என்று முடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "புரியுதுங்க சார். ஏதோ இருக்குன்னு சொல்றீங்க" என்றார்.

அதிர்ந்துபோனேன். "ஐயையோ, அப்படியில்லீங்க" என்று தொடங்குவதற்குள் வைத்துவிட்டார். ராத்திரி நானே கூப்பிட்டு, "தங்கமான பொண்ணுங்க" என்று சொன்னேன். "இதத்தான சார் கேட்டேன்" என்றார் அவர், மனம் குளிர்ந்து. மறுபடியும் ஒரு பெண்ணின்மேல் நான் முத்திரை அடித்திருந்தேன். இந்த முறை நல்ல முத்திரை.

மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவளைப் பற்றிய பேச்சு அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. கேட்டுவிட்டு அவள் கோபப்படவில்லை. "அந்த இடம் எனக்கு வேணாம்னு வீட்டுல ஏற்கெனவே சொல்லிட்டேன் சார்" என்றாள். பிறகு சொன்னாள்: "இனிமே யாராவது கேட்டா என் நம்பரக் குடுத்துருங்க. என்னையே கேட்டுக்கட்டும்."

எண்ணைச் சொன்னாள், எழுதிக்கொண்டேன்.